பள்ளிக்கூட வாசலில் முறையான வேகத்தடை பெறுவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கான வழிகாட்டி

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மீன் வண்டிகள் வேகம் குறைக்காமல் போகின்றன, ஏதாவது ஒரு தடை போட வேண்டும் என்று உங்கள் ஊரிலும் பேச்சு எழுந்திருந்தால், சிமென்ட் மூட்டை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து கடற்கரைக்குப் போகும் எங்கள் ஊர்ச் சாலையில், ஒரு நவம்பர் மாதம், கட்டட வேலையில் மிஞ்சிய கலவையைக் கொண்டு நாங்களே ஒரு மேட்டைப் போட்டோம். நல்ல எண்ணத்தில்தான் போட்டோம். நான்காம் நாள் விடியற்காலையில், பின் இருக்கையில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு மீன் வியாபாரி, வெள்ளைக் கோடும் அறிவிப்புப் பலகையும் இல்லாத அந்த மேட்டில் ஏறி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தார். அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவர் எழுந்து நடமாட இரண்டு மாதம் ஆனது.

அந்த மேட்டை நாங்களே உடைத்து எடுத்துவிட்டு, முறைப்படி ஒன்றைப் பெறுவதற்குள் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. சரியான வரிசையில் சென்றிருந்தால் ஐந்து அல்லது ஆறு மாதங்களில் முடிந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. சாலை யாருடையது என்பதை முதலில் எழுத்தில் பெறுங்கள்

எங்களுக்கு மிக அதிக காலத்தைத் தின்றது இந்த ஒரு கேள்விதான். ஊருக்குள் இருக்கும் சாலை என்பதால் அது ஊராட்சியின் சாலை என்று நினைத்து, டிசம்பரில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ‘இந்தச் சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதில் ஏப்ரல் மாதம் வந்தது. சாலை நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதர சாலைகளில் ஒன்றாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே சேர்க்கப்பட்டிருந்ததை ஊரில் எவரும் அறிந்திருக்கவில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் நீங்கள் காணக்கூடிய சாலைகள் பெரும்பாலும் நான்கு கைகளில் இருக்கின்றன. முதலாவது தேசிய நெடுஞ்சாலை. மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் செல்லும் 87-ஆம் எண் சாலை இந்த வகை. தேசிய நெடுஞ்சாலை என்றாலும் அதன் ஒரு பகுதி தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திடமும், இன்னொரு பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலை அலகிடமும் இருக்கக்கூடும் என்பதால், கிலோமீட்டர் எண்ணைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். இரண்டாவது, மாநில நெடுஞ்சாலைத் துறையின் கட்டுமானம் மற்றும் பராமரிப்புப் பிரிவு. மாநில நெடுஞ்சாலைகள், மாவட்ட முக்கிய சாலைகள், மாவட்ட இதர சாலைகள் மூன்றும் இதன் பொறுப்பு. மூன்றாவது, ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் கிராம ஊராட்சிச் சாலைகளும். நான்காவது, நகராட்சி மற்றும் பேரூராட்சித் தெருக்கள். ராமநாதபுரம், பரமக்குடி, ராமேசுவரம், கீழக்கரை ஆகியவை நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி போன்றவை பேரூராட்சிகள். ஆனால் கீழக்கரைக்குள்ளோ தொண்டிக்குள்ளோ ஓடும் ஒரு சாலை நகராட்சியுடையதாகவோ பேரூராட்சியுடையதாகவோ இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஊரின் நடுவே செல்லும் பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையின் வசமே இருக்கிறது.

சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லின் தலை நிறம் ஒரு தொடக்கக் குறிப்பைத் தரும். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலையையும், பச்சை மாநில நெடுஞ்சாலையையும், நீலம் அல்லது கறுப்பு மாவட்டச் சாலையையும், ஆரஞ்சு கிராமச் சாலையையும் குறிக்கும். ஆனால் நம் உப்புக் காற்றில் நிறம் மங்கிப்போவதும், சாலை தரம் உயர்த்தப்பட்ட பின் கல் மாற்றப்படாமல் இருப்பதும் சாதாரணம். அதை மட்டும் நம்பாதீர்கள்.

உறுதியான வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு பக்க மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ‘இன்ன ஊரில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை செல்லும் சாலையின் வகை, சாலைப் பதிவேட்டில் உள்ள பெயர், நீளம், பராமரிக்கும் அலுவலகம்’ என்று கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பாதகமில்லை. உரிய அலுவலகத்துக்கு 5 நாட்களுக்குள் மாற்றி அனுப்பவேண்டிய கடமை சட்டத்தின் 6(3) பிரிவின்படி அவர்களுக்கு உண்டு. சாதாரண மனுவுக்கு அந்தக் காலக்கெடு இல்லை. நாங்கள் நான்கு மாதங்கள் இழந்ததற்கும் 30 நாட்களில் பதில் பெற்றிருக்கக்கூடியதற்கும் உள்ள வேறுபாடு இந்தப் பத்து ரூபாய்தான்.

2. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

வேகத்தடை என்பது எந்தச் சாலையிலும் போடக்கூடிய பொருள் அல்ல. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிலைப்பாடு. ஆகவே உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ 87-ஆம் எண் சாலையின் மீதே வேகத்தடை கேட்டு மனு எழுதினால், அந்த மனு நிராகரிக்கப்படுவதற்கென்றே எழுதப்பட்டதாகிவிடும். அங்கே கேட்கவேண்டியவை எச்சரிக்கைப் பலகை, அதிர்வுப் பட்டைகள் (வண்டியை அதிரவைத்து ஓட்டுநரை எச்சரிக்கும் மெல்லிய குறுக்குக் கோடுகள்), பாதசாரிக் கடவை, மின்விளக்கு, சந்திப்பைச் சீரமைத்தல் ஆகியவை. அத்துடன், நெடுஞ்சாலையில் வந்து சேரும் உங்கள் ஊர்க் கிளைச் சாலையில் வேகத்தடை கேட்கலாம். வேகமான பெரிய சாலையில் சிறிய சாலை சேரும் முக்கில், அந்தச் சிறிய சாலையின்மீது, பெரிய சாலையில் வண்டிகள் ஓடும் பகுதியின் விளிம்பிலிருந்து சுமார் 5 மீட்டர் உள்ளே வேகத்தடை அமைப்பதை, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. குடியிருப்புத் தெரு, பள்ளி, மருத்துவமனை அருகிலும் அது பொருந்தும்.

அந்த வழிகாட்டுதலின் எண் ஐ.ஆர்.சி. 99. முதலில் 1988-இலும், திருத்திய வடிவில் 2018-இலும் வெளிவந்தது. பொதுவான போக்குவரத்து உள்ள சாலையில், வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படியான வட்ட வளைவு வேகத்தடைக்கு அது தரும் அளவுகள் இவை: வளைவின் ஆரம் 17 மீட்டர், வண்டி செல்லும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஊர்களில் நாம் போடும் மேடு அநேகமாக அரை மீட்டர் அகலத்தில் அரையடி உயரத்துக்கு இருக்கிறது. அது வேகத்தைக் குறைப்பதைவிட முதுகெலும்பை முறிப்பதில்தான் வல்லது. 108 ஆம்புலன்ஸில் பிரசவத்துக்குப் போகும் பெண்ணை அந்த மேடு என்ன செய்யும் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

காவல் துறையின் இரும்புத் தடுப்புகளை, அதாவது பேரிகேடுகளை, வேகத்தடைக்கு மாற்றாகக் கேட்பவர்கள் உண்டு. தடுப்பை வைப்பதும் எடுப்பதும் காவல் நிலையத்தின் முடிவு. ஊர்க்காரர்கள் நன்கொடையாக வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் வைக்கும் இடத்தைக் காவல் நிலையமே எழுத்தில் தர வேண்டும். கடற்கரையில் இரும்பு வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஒளிரும் பட்டைகள் உரிந்துவிடும். இரவில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு வேகமான வண்டியைவிட ஆபத்தானது. ஓராண்டுக்கு ஒருமுறை வண்ணமும் பட்டையும் மாற்ற ஆள் இருந்தால் மட்டுமே அதைக் கேளுங்கள்.

திருவிழா, சந்தனக்கூடு, தேர்பவனி நாட்களில் சாலைக்குக் குறுக்கே சவுக்குக் கட்டையையோ பனங்கட்டையையோ போட்டு வழி மறிப்பதும், இரு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டுவதும் நம் பக்கத்துப் பழக்கம். கயிற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் கட்டாதீர்கள். இருசக்கர வாகனத்தில் வருபவரின் கழுத்து மட்டத்தில் இருக்கும் கயிறு, அந்தி நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாது.

பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்துவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 285-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். அதில் எவரேனும் காயமடைந்தால் 125-ஆம் பிரிவும், இறந்தால் 106-ஆம் பிரிவும் வரக்கூடும். ‘ஊர் நன்மைக்காகப் போட்டோம்’ என்பது வழக்கில் விடையாகாது. எச்சரிக்கைப் பலகையைக்கூட நாமாக நட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு, அதிகாரம் பெற்றவர்களைத் தவிர வேறெவரும் சாலையில் போக்குவரத்துக் குறியீடு வைப்பதைத் தடுக்கிறது.

3. ஆவணங்கள்

மனுவோடு சேர்க்க வேண்டியவை என்று எந்த அலுவலகமும் பட்டியல் ஒட்டி வைத்திருக்கவில்லை. நாங்கள் மூன்றுமுறை அலைந்து, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கேட்டுத் திரும்பிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன், இவற்றை முதல் நாளிலேயே கையில் வைத்திருங்கள்.

விபத்துச் சான்றுதான் மற்ற எல்லாவற்றையும்விட எடை மிக்கது. அந்த இடத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த விபத்துகளின் முதல் தகவல் அறிக்கைகளைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் தேடி எடுக்கலாம். வழக்கு பதிவாகாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் ரசீதோடு, முடிந்தவையும் உதவும். இங்கேதான் நம் ஊர்களின் பெரிய குறை இருக்கிறது. விழுந்தவரும் இடித்தவரும் சொந்தக்காரர்களாகவோ ஒரே கடற்கரைக்காரர்களாகவோ இருப்பதால், பேசி முடித்துவிட்டு நிலையத்துக்குப் போவதில்லை. எங்கள் சாலையில் ஏழு விபத்துகள் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தாளில் இருந்தது ஒன்று. பொறியாளர் கேட்டது தாளில் இருப்பதை மட்டும். ஆகவே இனி நடக்கும் ஒவ்வொரு விபத்தையும், சிறியதானாலும், நிலையத்தில் பதியவையுங்கள். வழக்கு வேண்டாமென்றால் தகவலாகவாவது கொடுத்து ரசீது பெறுங்கள். பதிவு இல்லாத பழைய விபத்துகளுக்கு, அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டின் நகலை, காயமடைந்தவரின் சம்மதக் கடிதத்தோடு இணைத்தோம். அது ஏற்கப்பட்டது.

இரண்டாவதாக, பள்ளியின் கடிதம். தலைமை ஆசிரியர் கையெழுத்துடன், மாணவர் எண்ணிக்கை, பள்ளி தொடங்கும் மற்றும் விடும் நேரம், சாலையைக் கடந்து வரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலும் சேர்ந்தால், மனு ஒரு தனி மனிதரின் குறையாகத் தெரியாது.

மூன்றாவதாக, இடத்தின் விவரம். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும், நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேட்டுப் பகுதியையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எடுத்து, அந்த இடம் ‘சாலை புறம்போக்கு’ (சாலைக்கான அரசு நிலம்) என்று அதில் குறிக்கப்பட்டிருப்பதைக் காட்டுங்கள். வேகத்தடை வேண்டிய இடத்தை, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லிலிருந்து அல்லது பாலத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். ‘அம்மன் கோவில் ஆலமரத்துக்கு எதிரில்’ என்று மட்டும் எழுதினால், மதிப்பீடு தயாரிப்பவர் ராமநாதபுரத்தில் மேசையில் அமர்ந்துகொண்டு அந்த ஆலமரத்தைக் காண முடியாது.

நான்காவது புகைப்படங்கள். பகலில் இரண்டு, பள்ளி விடும் நேரத்தில் இரண்டு, இரவில் ஒன்று போதும். பிள்ளைகளின் முகம் தெரியாமல் எடுங்கள். ஐந்தாவதாக நாங்கள் ஒரு வாகனக் கணக்கும் எடுத்தோம்: காலை எட்டு முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கு முதல் ஐந்து வரையும், ஒரு வாரம், எத்தனை லாரி, எத்தனை சரக்கு ஆட்டோ, எத்தனை இருசக்கர வாகனம் என்று இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் நோட்டில் குறித்தார்கள். கேட்கப்படாத தாள் அது. இருந்தும், ஆய்வின்போது எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

4. தீர்மானம்

சாலை ஊராட்சியுடையது என்றால் கிராமசபைத் தீர்மானம் அடிப்படை. நெடுஞ்சாலைத் துறையுடையது என்றாலும் அது மனுவுக்குப் பலம் சேர்க்கும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுகிறது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே பொருளை எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் ‘இதர பொருள்’ என்ற கடைசி வரியில் போய்விடும். குறைந்தபட்ச வருகை இல்லாத கூட்டத்தின் தீர்மானம் நிற்காது: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். கடலுக்குப் போகும் நாளாக இருந்தால் ஆண்கள் வரமாட்டார்கள் என்று விட்டுவிடாமல், மகளிர் குழுக்களை முன்கூட்டியே அழையுங்கள். எங்கள் கூட்டத்தை நிறைத்தவர்கள் அவர்கள்தாம்.

நம் மாவட்ட ஊராட்சிகளில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத அப்படிப்பட்ட காலத்தில் தீர்மான நகலுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரை அணுகுங்கள். நகராட்சி, பேரூராட்சிப் பகுதியில் மன்றத் தீர்மானம். அங்கே முறையே ஆணையரும் செயல் அலுவலரும் மனுவைப் பெறுவார்கள்.

5. மனு

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் கோட்டப் பொறியாளருக்கு முகவரியிட்டு, உதவிக் கோட்டப் பொறியாளருக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் முதன்மை. இவற்றோடு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பொருளை வைக்கும்படி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். நெடுஞ்சாலை, காவல், போக்குவரத்து ஆகிய மூன்று துறைகளும் ஒரே மேசையில் அமர்வது அங்கேதான். மூன்று அலுவலகங்களும் மற்றவரின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லும் சுழலிலிருந்து எங்களை விடுவித்தது அந்த வரி.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணுடன் ஒப்புகை கிடைக்கும். அதையும் செய்யுங்கள். ஆனால் அங்கே கொடுத்தாயிற்று என்று துறை அலுவலகத்தில் நேரில் கொடுக்காமல் விடாதீர்கள், மனு கீழே இறங்கி வர வாரங்கள் ஆகும். எங்கே கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் பெறாமல் வெளியே வராதீர்கள். ஓர் அலுவலகத்தில், ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறோம்’ என்ற நல்ல சொல்லை நம்பி முத்திரையில்லாமல் வந்தோம். ஒரு மாதம் கழித்துப் போனபோது அப்படி ஒரு மனுவே இல்லை.

6. கூட்டு ஆய்வும் அதன் நாளும்

மனுவுக்குப் பின் பொறியாளரும் காவல் துறையினரும் இடத்தைப் பார்க்க வருவார்கள். இந்த நாள் எப்போது அமைகிறது என்பது, கடற்கரை ஊர்களுக்கு மட்டுமே உரிய ஒரு கேள்வி. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் லாரி இல்லை, மீன் வண்டி இல்லை. அதே நாட்களில் பள்ளிக்கும் கோடை விடுமுறை. எங்கள் ஆய்வு மே மாதக் கடைசியில் நடந்தது. வந்தவர்கள் அரைமணி நேரம் நின்றார்கள். நான்கு இருசக்கர வாகனங்களும் ஒரு பேருந்தும் போயின. ‘போக்குவரத்து மிகக் குறைவு’ என்று குறிப்பு எழுதினார்கள். அவர்கள் கண்டதை எழுதினார்கள், அதில் பிழை சொல்ல இயலாது. எங்கள் வாகனக் கணக்கு நோட்டின் நகலை இணைத்து, தடைக்காலம் என்பதை விளக்கி, மறு ஆய்வு கேட்டோம். சூலையில் ஒரு காலை எட்டரை மணிக்கு மறுபடி வந்தபோது, பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே மனுவை சூன் இறுதியில் கொடுங்கள், அல்லது மீன் வரத்து உள்ள சனவரி, பிப்ரவரியில் கொடுங்கள். ஆய்வு நாளில் ஊரே திரண்டு கோஷமிட வேண்டாம். தலைமை ஆசிரியரும், அளவு நாடா வைத்திருக்கும் இருவரும் போதும். மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதையும் அன்றே காட்டிவிடுங்கள். வடிகாலை அடைத்துவிடும் வேகத்தடை வடகிழக்குப் பருவமழையில் சாலையைக் குளமாக்கும். ஓரங்களில் நீர் போக இடம் விடவேண்டும் என்பது வழிகாட்டுதலிலேயே உள்ளது.

7. செலவும் காலமும்

மனுவுக்கும் ஆய்வுக்கும் கட்டணம் கிடையாது. வேகத்தடையின் செலவு சாலையின் உரிமையாளரான அலுவலகத்தைச் சேர்ந்தது. ‘மதிப்பீட்டுக்கு’, ‘ஜல்லிக்கு’ என்று எவரேனும் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர முடியாத தொகை கொடுக்கவேண்டிய தொகை அல்ல. எங்களுக்கு நகல், அஞ்சல், பேருந்துக் கட்டணம், தகவல் மனுக்கள் எல்லாம் சேர்ந்து 1,900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. அதில் பாதிக்கு மேல் ராமநாதபுரம் போய்வந்த பேருந்துக்கு.

சூலையில் மறு ஆய்வு, ஆகஸ்டில் சாலைப் பாதுகாப்புக் குழு, செப்டம்பர் இறுதியில் பணி ஆணை என்று வந்த எங்கள் வேலை, அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதால் சனவரி வரை நின்றுபோனது. ஈரச் சாலையில் தார் பிடிக்காது, வெள்ளை வண்ணமும் ஒட்டாது. பணி ஆணை செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தவறினால் பொங்கல் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். மழைக்கு நடுவே அவசரமாகப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

8. பதில் வராவிட்டால்

60 நாட்களில் எந்த அசைவும் இல்லையென்றால் தகவல் மனு போடுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். இருக்கும் தாளைக் கேளுங்கள்: என் மனுமீது நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை விவரம், கோப்புக் குறிப்புகளின் நகல், ஆய்வறிக்கையின் நகல். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாட்களில் பதில் இல்லையெனில் அடுத்த 30 நாட்களுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லையெனில் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, கோப்பைத் தேடி எடுத்தாலே அது நகரத் தொடங்கிவிடும்.

9. வேலை நடக்கும் நாளில் அளந்து பாருங்கள்

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கையளவில் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. தார் சூடாக இருக்கும்போது திருத்துவது எளிது, ஆறிய பின் மறு மனுதான். இரு விளிம்புகளுக்கிடையே 3.7 மீட்டர் இருக்கிறதா என்று நாடாவால் பாருங்கள். உயரத்துக்கு, நேரான நீண்ட அலுமினியக் குழாயை மட்டப்பலகையோடு வேகத்தடையின் உச்சியிலிருந்து சாலைப் பக்கமாகக் கிடைமட்டமாக நீட்டிப் பிடித்து, அதற்குக் கீழே சாலை வரை உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்கலாம். வேகத்தடையின் உயரம் நடுவில் 10 சென்டிமீட்டரும், விளிம்பிலிருந்து சுமார் 92 சென்டிமீட்டர் உள்ளே ஏழரை சென்டிமீட்டரும் (அங்கே குழாய்க்குக் கீழே இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர்) இருக்க வேண்டும். நடு உயரம் சரியாக இருந்து இந்த இடைப்புள்ளி மிகக் குறைந்தால், வளைவு கூம்பாகிவிட்டது என்று பொருள். பொறியாளரிடம் பணிவாகச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் சொன்னோம், அன்றே சரிசெய்தார்கள்.

கறுப்பு வெள்ளைப் பட்டைகளும், 40 மீட்டர் முன்னால் இரு திசையிலும் எச்சரிக்கைப் பலகையும் வேகத்தடையின் உறுப்புகள். அவை இல்லாமல் ‘பணி முடிந்தது’ என்று எவரும் எழுதிக்கேட்டால் கையெழுத்திடாதீர்கள். சாலையில் பதிக்கும் ஒளிரும் ஆணிகளையும் கேளுங்கள், எங்கள் பக்கம் மீன் வண்டிகள் புறப்படும் நேரம் இருட்டுதான். பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடமளிக்கிறது.

10. முறையற்ற மேட்டை அகற்ற வேண்டுமென்றால்

இதே ஆவணங்கள், இதே அலுவலகங்கள்தாம். கூடுதலாக, பொதுவழித் தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதையின் 152-ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவருக்கு உண்டு. நம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி ஆகிய இரு கோட்டங்களில் உங்கள் ஊர் எதில் வருகிறதோ, அந்தக் கோட்டத்தின் வருவாய்க் கோட்ட அலுவலரிடமோ சார் ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம். இரவோடு இரவாக நீங்களே உடைக்காதீர்கள், அரைகுறையாக உடைந்த மேடு முழு மேட்டைவிட மோசமாக வழுக்கும். மேட்டைப் போட்டவர்களோடு முதலில் அமர்ந்து பேசுங்கள். அவர்களும் யாரோ ஒரு பிள்ளையை நினைத்துத்தான் போட்டிருப்பார்கள்.

11. சக்கரப் பூட்டு பற்றி

ராமேசுவரத்திலும் ஏர்வாடியிலும் கூட்ட நாட்களில் வண்டி நிறுத்துபவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். நிறுத்தக் கூடாத இடத்தில் நின்ற அல்லது பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நின்ற வண்டியை இழுத்துச் செல்லவோ சக்கரத்தைப் பூட்டவோ, எல்லைக்குட்பட்ட, சீருடையில் உள்ள காவல் அதிகாரிதான் அனுமதிக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு. வாகன நிறுத்துமிடக் குத்தகைதாரரின் ஆள் தனியாக வந்து பூட்டினால், அனுமதித்த அதிகாரியின் பெயரையும் ரசீதையும் கேளுங்கள். பூட்டை உடைக்காதீர்கள். அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று, அபராதத்தையும் இழுவைச் செலவையும் தனித்தனி ரசீதாகப் பெற்றுக் கட்டுங்கள்.

12. போட்ட பிறகு

கடல் மணலும் மீன் வண்டியிலிருந்து சொட்டும் உப்புநீரும் வெள்ளைப் பட்டையை ஓராண்டுக்குள் மறைத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் சூலையில் ஒரு புகைப்படத்தோடு உதவிக் கோட்டப் பொறியாளருக்கு மறுவண்ணம் கேட்டு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினால், மழைக்கு முன் வேலை முடிய நேரமிருக்கும். பணி ஆணையின் நகலையும் குழுவின் முடிவு நகலையும் பள்ளித் தலைமை ஆசிரியரின் அலமாரியில் ஒரு கோப்பாக வைத்திருங்கள். சாலையை அடுத்தமுறை மறுதளம் போடும்போது வேகத்தடை தாரோடு தாராக மறைந்துவிடும், அப்போது அதே இடத்தில் அதே அளவில் திரும்பக் கேட்க அந்தக் கோப்புதான் வேண்டும்.